அடுப்பில் தொங்கும் சிவப்பு அட்டை

ஆலையின் முன்னாள் பாதுகாப்பு அதிகாரியும் என் மனைவியின் அண்ணனுமாகிய மச்சான் அவர்களுக்கு,

அதே ஆலையின் முன்னாள் பாய்லர் ஆபரேட்டரும் உங்கள் தங்கையின் கணவனுமாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், மகன், மருமகள் மூவரும் நலம். கடிதம் என்றால் இப்படித் தொடங்குவதுதான் மரியாதை என்பதால் எழுதினேன். உண்மையில் மூவரில் ஒருவருக்கு வயிற்றுக்கோளாறு, ஒருவனுக்குக் கையில் சூட்டுக் காயம், மூன்றாமவள் என்னோடு பேசி ஆறு நாளாகிறது. உங்கள் ரத்த அழுத்தமும் முழங்காலும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் தங்கையை வழியனுப்பிய அன்று நீங்கள் ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனீர்கள். கோபம் என்று எனக்குத் தெரியும். ஆனால் டீ கொடுக்காததற்குக் காரணம் கோபமோ துக்கமோ இல்லை, விதிமுறை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதை மச்சானுக்கு எழுதிய கடிதமாகப் பாதியும், அதிகாரிக்கு எழுதிய விண்ணப்பமாகப் பாதியும் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நீங்கள் ஆலைக்குக் கொண்டுவந்த சிவப்பு அட்டை விதியை உங்களுக்கே விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம். இருந்தாலும் விண்ணப்பம் முழுமையாக இருக்க வேண்டும் அல்லவா? பழுதான இயந்திரத்தில் ஒருவர் தன் பெயர் எழுதிச் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டால், தொங்கவிட்டவரைத் தவிர வேறு யாரும் அதைக் கழற்றக் கூடாது. மேஸ்திரி கூடாது, மேனேஜர் கூடாது. ஒருமுறை முதலாளியே கை வைக்கப் போனபோது நீங்கள் அந்தக் கையைத் தட்டிவிட்டீர்கள், ஆலை முழுக்க ஒரு வாரம் அதுதான் பேச்சு. உங்களுக்கு முதுகுக்குப் பின்னால் 'சிவப்பட்டை' என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான், இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே அட்டையால்தான் நான் உயிரோடு இருக்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பாய்லருக்குள் நான் படுத்து உப்புப் படிவைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது புது ஆள் ஒருவன் நீராவியைத் திறக்கப் போனான். வால்வில் என் பெயர் தொங்குவதைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு முப்பது வருஷம் நான் அந்த அட்டையைச் சும்மா அட்டையாகப் பார்த்ததில்லை.

ஓய்வுபெற்ற அன்று எழுதாத அட்டைகள் ஒரு கட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன். திருட்டு என்றால் திருட்டுதான். மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு மறந்தும் போனேன். உங்கள் தங்கை மறக்கவில்லை. அடுப்பின் இடது பக்கத்தில் கேஸ் வாடை வருகிறது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்று நானும் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளி ஆளைக் கூப்பிடுகிறேன் என்றாள். மூன்று மாடி உயர பாய்லரைக் கட்டி மேய்த்தவன் வீட்டில் ரெண்டு பர்னர் அடுப்புக்கு மெக்கானிக் வருவதா, ஊர் சிரிக்காதா என்று கேட்டேன். ஒரு நாள் சாப்பிட உட்காரும்போது சமையலறை வாசல் வழியாகப் பார்க்கிறேன், அடுப்பின் இடது திருகில் சிவப்பு அட்டை தொங்குகிறது. இயந்திரம்: அடுப்பு. காரணம்: கேஸ் கசிவு. தொங்கவிட்டவர்: உங்கள் தங்கையின் கையெழுத்து, தேதி உட்பட. என் சர்வீஸில் அவ்வளவு சுத்தமாக நிரப்பிய அட்டையைப் பார்த்ததில்லை. ஒரே ஒரு குறை, 'இடது' என்று எழுதவில்லை, ஆகவே அடுப்பு முழுவதும் அவள் பெயரில் ஆகிவிட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உன்னை ஆலையில் சேர்த்திருக்க வேண்டும், உன் அண்ணனுக்கே பாடம் எடுத்திருப்பாய் என்றேன். அவள் சிரிக்கவில்லை. சரி, வர்ற ஞாயிறு கண்டிப்பா என்றேன்.

மச்சான், அந்த ஞாயிறு வரவே இல்லை. நாலு மாதம் போனது. என் நாற்காலியிலிருந்து பார்த்தால் பாத்திரங்களுக்கு நடுவே அந்தச் சிவப்பு மட்டும் தெரியும். சாப்பிடும்போதெல்லாம் பார்ப்பேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். வலது பக்கத்து ஒற்றை பர்னரில் சோறு இறக்கி, குழம்பு ஏற்றி, குழம்பு இறக்கி, பால் ஏற்றி அவள் எவ்வளவு நேரம் நின்றிருப்பாள் என்று அப்போது நான் கணக்குப் பார்த்ததில்லை. இப்போது தினமும் பார்க்கிறேன். ஒரு மணி நேர வேலை இரண்டு மணி நேரம். நாலு மாதம். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு.

அவளுக்கு நெஞ்சு வலி வந்த அன்று காலை நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. ஆம்புலன்ஸ் ஆட்கள் அவளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது என் சட்டையைப் பிடித்து அவள் சொன்னது, "அடுப்புல பால் இருக்கு, அணைச்சிடுங்க" என்பதுதான். வேறு எதுவும் சொல்லவில்லை. நான் உள்ளே ஓடினேன். பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. எந்தத் திருகு எந்தப் பக்கத்துக்கு, எந்தப் பக்கம் திருப்பினால் அணையும் என்று எனக்குத் தெரியவில்லை. முப்பத்தாறு வருஷம் நெருப்போடு பிழைத்தவன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. தெரியாத இடத்தில் மெயின் வால்வை மூடு என்பது பழக்கம், ஆகவே சிலிண்டரையே மூடிவிட்டு ஓடினேன். அன்று மூடியதுதான், நாற்பத்து மூன்று நாளாக இந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்திருப்பவர்களுக்கு டீ போட உள்ளே போனார்கள். நான் வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். உரியவர் வந்து கழற்றும்வரை தொடக் கூடாது என்று அட்டையைக் காட்டினேன். அவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு என்னை மெல்ல ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நீங்கள் அப்போது கூடத்தில் இருந்தீர்கள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னீர்கள். "அடுப்பாங்கரைப் பக்கம் ஒரு தடவையாவது எட்டிப் பார்த்திருக்கலாம் மாப்பிள்ளை." அவ்வளவுதான். அதை நான் மறக்கவில்லை. அடுப்பை ரிப்பேர் செய்யாமல் உங்கள் தங்கையை நிற்க வைத்தே கொன்றுவிட்டேன் என்று நீங்கள் நேரடியாகவே சொல்லியிருக்கலாம்.

என்னைத் தனியாக விட வேண்டாம் என்று மகனும் மருமகளும் மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தார்கள். மகன் வேன் ஓட்டுகிறவன், பசி தாங்கமாட்டான். மருமகள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்காமல் எதையும் தொடமாட்டாள். இவள் நம் கட்சி என்று நினைத்தேன். அவள் அட்டையை இரண்டு தடவை படித்துவிட்டு, "மாமா, இதுக்குக் காலாவதி தேதி கிடையாதா?" என்று கேட்டாள். கிடையாது என்றேன். சரி மாமா என்று போய்விட்டாள். மறுநாள் இன்னொரு கேள்வியோடு வந்தாள். "மாமா, பால் கறை இடது பக்கந்தானே இருக்கு?" என்றாள். கறை எங்கே இருந்தால் என்ன, விதி எல்லாப் பக்கத்துக்கும் ஒன்றுதான், அதைத் துடைக்கவும் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று சமையலறை வாசலில் என் நாற்காலியைப் போட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். சாப்பாட்டுக்கு வழியில்லாத வீட்டை அடுப்பில் பூனை தூங்குகிறது என்பார்கள். இங்கே பூனைக்கும் அனுமதி இல்லை.

முதல் வாரம் ஓட்டல் பொட்டலம். அதில்தான் வயிற்றுக்கோளாறு, அது எனக்கு. இரண்டாம் வாரம் மகன் ஒரு மின்சார அடுப்பு வாங்கி வந்தான். பிளக் வேண்டும் என்று பிரிட்ஜைக் கழற்றிவிட்டு மாட்டினான், திரும்ப பிரிட்ஜை மாட்ட மறந்தான், மூன்றாம் நாள் வீட்டுக்குள் மூக்கைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. பிரிட்ஜையும் அடுப்பையும் ஒன்றாக மாட்டிய அன்று பட்டென்று ஒரு சத்தம், கட்டடம் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. எதிர்வீட்டு ஹெட்மாஸ்டர் லிப்டுக்குள் முக்கால் மணி நேரம் நின்றார். வெளியே வந்தவர் என்னைத் திட்டவில்லை, பாவம் மனைவியை இழந்தவர் என்று சொல்லிவிட்டுப் போனார், திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு மகன் இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் ரொட்டி சுட்டான், கையைச் சுட்டுக்கொண்டான், வேலைக்குப் போட்டுப்போன சட்டையில் வெண்ணெய்க் கறை. தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் கம்பியைக் குளிக்கிற வாளியில் போட்டு ஐந்து முட்டை வேகவைத்தான், அதில் இரண்டு வெடித்தது. அது தெரியாமல் அந்தத் தண்ணீரை எடுத்து நான் குளித்துவிட்டேன், வங்கி வரிசையில் முன்னால் நின்றவர் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார். இதெல்லாம் சிரிப்பதற்காக எழுதவில்லை மச்சான், எழுதும்போது சிரிப்பு வருகிறது, அவ்வளவுதான். அவள் இருந்தால் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்திருப்பாள்.

போன வாரம் நான் லைப்ரரிக்குப் போன நேரம் பார்த்து மகன் ஒரு கேஸ் மெக்கானிக்கைக் கூட்டி வந்துவிட்டான். நான் திரும்பி வந்து கதவைத் திறக்கிறேன், அந்த ஆளின் கை அட்டையில் இருக்கிறது. "கையை எடு" என்று ஒரு சத்தம் போட்டேன். பாய்லர் ஹவுஸ் குரல், மூன்று இயந்திரச் சத்தத்துக்கு மேலே கேட்கிற குரல், உங்களுக்குத் தெரியுமே. ஆள் ஸ்பேனரைத் தன் கால்மேலேயே போட்டுக்கொண்டான். நொண்டிக்கொண்டே, "சரிங்க ஐயா, யார் பேர்ல இருக்குதோ அவங்களை வரச் சொல்லுங்க, கேட்டுட்டுக் கழட்டறேன்" என்றான். நியாயமான பேச்சு. நான் சுவரில் இருந்த படத்தைக் காட்டினேன். அவன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான். மகன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அன்றுதான் மருமகள் கடைசியாக என்னோடு பேசினாள். கத்தவில்லை, மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். "மாமா, அத்தை மேல உங்களுக்கு இருக்கறது எங்களுக்கும் இருக்கு. ஆனா அடுப்பு எரியாத வீட்ல நான் எத்தனை நாள் இருக்கறது? ஒண்ணாம் தேதிக்குள்ள இது எரியலைன்னா நாங்க தனியா அடுப்பு வெச்சுக்கறோம்." தனி அடுப்பு என்றால் தனி வீடு. வீடு பார்த்தும் ஆகிவிட்டது, அங்கிருந்து இங்கே வர இரண்டு பஸ் மாற வேண்டும். இன்றைக்கு இருபத்தேழு.

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆலையில் பாய்லர் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாயப் பட்டறை நிற்கும், உலர்த்துகிற இடம் நிற்கும், ஆட்கள் அங்கங்கே தனித்தனியாக நிற்பார்கள், இரண்டாம் நாள் சண்டை வரும். வீட்டிலும் அதே கதைதான். இங்கே மூன்று பேரும் மூன்று மூலையில், மூன்று நேரத்தில், மூன்று பொட்டலத்தைப் பிரிக்கிறோம். சாப்பிட்டாயா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. முன்பெல்லாம் குக்கர் விசில் கேட்டால் குளிக்கப் போவேன், தாளிக்கிற வாசனை வந்தால் கை கழுவுவேன். இப்போது மணி என்ன என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். பாய்லருக்கு மூன்று ஷிப்டுக்கு மூன்று ஆள் இருந்தோம். அடுத்த ஆள் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளாமல் யாரும் வீட்டுக்குப் போனதில்லை. இந்த அடுப்புக்கு மூன்று ஷிப்டும் அவள் ஒருத்திதான், மாற்று ஆளாக நான் ஒரு நாளும் போய் நிற்கவில்லை. பால் இருக்கு, அணைச்சிடுங்க என்பதுதான் முப்பத்து நாலு வருஷத்தில் அவள் எனக்குக் கொடுத்த முதல் பொறுப்பு, அதையும் பொங்கவிட்டேன்.

ஆகவே அதிகாரி அவர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். அட்டைக்கு உரியவர் வந்து கழற்ற முடியாத நிலையில் பாதுகாப்பு அதிகாரி எழுத்தில் அனுமதி கொடுத்தால் கழற்றலாம் என்று நீங்கள் போட்ட விதியில் ஒரு பிரிவு இருக்கிறது. அதற்கு மூன்று நிபந்தனை. உரியவர் வளாகத்தில் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்துவிட்டேன், எல்லா அறையிலும் தேடிப் பார்த்துவிட்டேன், ஒரு தடவை இல்லை. உரியவரைத் தொடர்புகொள்ள எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும். எடுத்துவிட்டேன், அவள் போனுக்கு அடித்தேன், அது பீரோவுக்குள் அடித்தது. மூன்றாவது, உரியவர் திரும்ப வேலைக்கு வந்ததும், அவர் இயந்திரத்தில் கை வைப்பதற்கு முன்பே, அட்டை கழற்றப்பட்டதை அவரிடம் நேரில் தெரிவிக்க வேண்டும். இந்த நிபந்தனையை நிறைவேற்ற எனக்கு வழி தெரியவில்லை மச்சான். இந்த ஒன்றை மட்டும் தள்ளுபடி செய்து கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அதிகாரியாகப் போட முடியாவிட்டால் அவள் அண்ணனாகப் போடுங்கள். என்மேல் உள்ள கோபத்தில் போடமாட்டேன் என்றால் அதையும் எழுதிவிடுங்கள், நான் அட்டையோடு இருந்துகொள்கிறேன், பிள்ளைகள் போகட்டும்.

அட்டையின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் அப்படியே நகல் எழுதி விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும் என்பதும் உங்கள் விதி. இதை முடித்ததும் எழுதி இணைக்கிறேன்.

உங்கள் துணைவியார் அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் மூத்தவர்களுக்கு என் மரியாதையும் சின்னவர்களுக்கு என் ஆசியும் சேரட்டும். உங்கள் வீட்டு அடுப்பில் கசிவு ஏதும் இருந்தால் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை,
ஆலையில் எல்லோரும் 'பிரஷர்' என்று அழைத்தவன்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். அனுமதி தேவையில்லை. நகல் எழுதுவதற்காகச் சமையலறைக்குள் போய் அட்டையைத் திருப்பினேன். பின்பக்கத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. "டியூபும் வாஷரும் மாற்றப்பட்டன. சோதித்தேன், கசிவு இல்லை." அவள் தொங்கவிட்டு ஐந்தாம் நாள் தேதி. நான் லைப்ரரியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருப்பேன். அதற்குக் கீழே அவள் கையெழுத்தில், "அட்டையைக் கழற்றலாம். அவரே உள்ளே வந்து பார்த்துக் கழற்றட்டும்" என்று இருக்கிறது. அதற்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்னக் கோடுகள், ஆலைப் பதிவேட்டில் நாம் போடுகிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று வீதம் எண்ணிப் பார்த்தேன், சரியாக வருகிறது. பதினேழு.

நாலு மாதமும் இரண்டு பக்கமும் எரிந்திருக்கிறது மச்சான். அவள் ஒற்றை அடுப்பில் நின்று சாகவில்லை. பால் பொங்கியதும் இடது பக்கத்தில்தான், அன்றைய பதற்றத்தில் நான் கவனிக்கவில்லை, மருமகள் சொன்னாள், அப்போதும் நான்தான் கேட்கவில்லை. நீங்கள் செருப்பு மாட்டும்போது சொன்னது திட்டு என்று நினைத்திருந்தேன். எட்டிப் பார்க்கத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

மருமகளைக் கூப்பிட்டு, எந்தத் திருகு எந்தப் பக்கத்துக்கு என்று கேட்டேன். ஆறு நாள் கழித்துப் பேசினாள், பொறுமையாகக் காட்டிக் கொடுத்தாள். சிலிண்டரைத் திறந்தாயிற்று. அடுப்பு எரிகிறது. அட்டையைக் கழற்ற எனக்கு அனுமதி இருக்கிறது, அவள் கைப்படவே இருக்கிறது, ஆனால் கை வரவில்லை. அதனால் அட்டை தொங்கும்போதே அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது, இதை நீங்கள் ரிப்போர்ட் செய்துகொள்ளலாம். வந்து நீங்கள் கழற்றுங்கள், அன்றைக்குக் குடிக்காமல் போன டீயையும் குடித்துவிட்டுப் போங்கள். இதைச் சமையலறையில் நின்றபடிதான் எழுதுகிறேன். இடது பக்கத்தில் பால் வைத்திருக்கிறேன், விளிம்பு வரை வந்துவிட்டது, நிறுத்திக்கொள்கிறேன்.